கடலை ஒரு நாடாகக் காட்டிய படம்: ‘அக்வாமேன்’

கடலுக்கு அடியில் நடக்கும் சாகசப் படங்களில் எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் சொல்லும் பெயர் ஜேம்ஸ் வான் இயக்கிய ‘அக்வாமேன்’. அமெரிக்காவில் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பாகவே, 2018 டிசம்பர் 14 அன்று, தமிழ் உட்படப் பல மொழிகளில் இந்தியாவுக்கு வந்த இப்படம் உலகெங்கும் நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. வசூல் கணக்கு என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை. கடலைச் சண்டைக்கான பின்னணித் துணியாக வைத்துக்கொள்ளாமல், எல்லைகளும் காவல் வாயில்களும் தீராத பகைகளும் உள்ள ஒரு நாடாகவே இப்படம் எடுத்துக்கொண்டது என்பதுதான் அதை நான் மீண்டும் மீண்டும் பரிந்துரைப்பதற்குக் காரணம். நெல்லைச் சீமையில், உவரிக்கும் கூடன்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் போய்வந்தபடி வளர்ந்தவர்களுக்கு இப்படத்தில் கூடுதலாகச் சில வாசல்கள் திறக்கும் என்பதும் என் எண்ணம்.

நாயகன் புதியவன் அல்லன். 1941ஆம் ஆண்டு மார்ட் வைசிங்கரும் பால் நாரிசும் சித்திரக் கதையில் உருவாக்கிய பாத்திரம் அது. பறப்பவர்கள், இடியை ஏவுபவர்கள், மலையைத் தூக்குபவர்கள் என்று நிறைந்துவிட்ட அந்த உலகத்தில், மீன்களோடு பேசுபவன் என்பதால் இவனை நீண்ட காலம் இளக்காரமாகவே பார்த்தார்கள். படம் அந்தத் திறனை மறைக்கப் பார்க்கவில்லை. தொடக்கத்திலேயே எடுத்து நடுவில் வைத்துவிடுகிறது. மீன் காட்சியகத்தில் சிறுவன் ஆர்தரைச் சக மாணவர்கள் சுவரோடு சேர்த்து மிரட்டும்போது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சுறா வந்து முட்டுகிறது. அடுத்த கணம் தொட்டியிலுள்ள மீன்களெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் அணிவகுத்து நிற்கின்றன. மிரட்டியவர்கள் வாயடைத்துப் போக, சிறுவனின் கண்கள் ஒளிர்கின்றன. வசனம் ஏதுமில்லாமல், இத்தனை காலம் கேலிக்கு உள்ளான ஒரு பாத்திரத்தின் மானத்தை அந்த ஒற்றைக் காட்சி மீட்டுவிடுகிறது. என்னைப் படத்துக்குள் இழுத்துக்கொண்டது அந்த இடம்தான்.

நீருக்குள் நடிகர்களை நடமாட விடுவது எவ்வளவு கடினம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் ஆழம் இறங்கினாலே உடலின் மேல் இன்னொரு வளிமண்டலத்தின் அழுத்தம் ஏறிவிடுகிறது. நீருக்குள் முதலில் மங்கிப் போவது சிவப்பு நிறம். அதன் பிறகு மற்ற நிறங்களும் ஒவ்வொன்றாக விடைபெற்று நீலம் மட்டும் மிஞ்சும். பேச்சு கேட்காது, முகபாவம் தெரியாது. ஆகவே, இப்படத்தின் நீர்க்காட்சிகளில் பெரும்பாலானவற்றை உலர்ந்த தளத்தில், நடிகர்களை இடுப்பில் பூட்டிய கருவிகளில் மிதக்க விட்டு எடுத்தார்கள். தலைமுடி அலைவதைப் பின்னர் கணினியில் வரைந்து சேர்த்தார்கள். இதை அறிந்த பிறகு படத்தைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்குமோ என்று தோன்றலாம். எனக்கு அப்படி இருக்கவில்லை. ஆர்தராக நடித்த ஜேசன் மொமோவாவின் பருத்த உடலும், கடல்நாட்டு இளவரசி மெராவாக நடித்த ஆம்பர் ஹேர்டின் செம்பட்டை முடியும் மிதக்கும் காட்சிகளில் ஒரு கனம் இருக்கிறது. நீந்தும்போது அவர்கள் உடலை முன்னே தள்ளும் விதத்தில் நீரின் எதிர்ப்பு தெரிகிறது.

கடலுக்குள் மூழ்கிய நாடான அட்லாண்டிஸின் நகருக்குள் முதல் முறை நுழையும் காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இருண்ட கடல் தரையைத் தாண்டி ஒளி தெரியத் தொடங்குகிறது. பிறகு ஒரு நீண்ட பாலமும் அதன் வாயிலில் காவலும், சோதனைக்காகக் காத்திருக்கும் ஊர்திகளின் வரிசையும் வருகின்றன. நீந்தத் தெரிந்தவர்களுக்குப் பாலம் எதற்கு என்ற கேள்வி எழுந்து மறைவதற்குள், எல்லையைக் காக்கும் நாட்டுக்கு வாயில் வேண்டும் என்ற விடையையும் படமே கொடுத்துவிடுகிறது. அதற்கு அப்பால் ஒளிரும் சொறிமீன்களைப் போன்ற கட்டடங்கள், இடிந்து கிடக்கும் பழைய நகரத்தின் கல்தூண்கள், அவற்றின் மேலேயே எழுப்பிய புதிய நகரம் எல்லாம் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. பழையதன் மேல் புதியது ஏறி நிற்கும் ஊரைத்தான் நாம் நம்புவோம். முழுவதும் பளபளப்பாக இருக்கும் கற்பனை நகரங்களை மனம் ஏற்பதில்லை. படைவீரர்கள் சுறாக்களின் மேலும், வேறொரு நாட்டார் பெரிய கடற்குதிரைகளின் மேலும் ஏறி வருகிறார்கள். எரிமலைக் குழம்பு சூழ்ந்த களத்தில் ஆர்தரும் தம்பி ஓர்மும் மோதும்போது ஓர் எண்கால் கணவாய் முரசு கொட்டுகிறது. திரையரங்கில் பிள்ளைகள் அதற்குத்தான் முதலில் கைதட்டினார்கள்.

கடல்கோள் கதைகள் நமக்கு அந்நியமானவை அல்ல. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்னும் மலையையும் கொடுங்கடல் கொண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கபாடபுரம் கடலுக்குள் போனதை இறையனார் களவியல் உரை சொல்கிறது. இவற்றை வரலாற்றுச் சான்றாக நிறுத்த முடியாது. மரபாக வந்த நினைவு என்று கொள்வதே முறை. ஆனால் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து கிடந்ததும், நம் கரையும் இலங்கையும் அப்போது நிலத்தால் இணைந்திருந்ததும் நிலவியல் உறுதி செய்த உண்மைகள். மறுபுறம், பாண்டியரின் முத்துத் துறையாகத் திகழ்ந்த கொற்கை, தாமிரபரணி கொண்டு வந்து சேர்த்த வண்டலால் இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருக்கிறது. கடல் கொள்ளவும் செய்யும், விட்டு விலகவும் செய்யும் என்பதை இந்த வட்டாரம் கண்ணால் கண்டிருக்கிறது. மூழ்கிய நாட்டைப் பற்றிய கதையை இங்கே ஒருவர் பார்க்கும்போது அது வெறும் வெளிநாட்டுக் கற்பனையாக நின்றுவிடாமல், ஏற்கெனவே கேட்ட ஒரு செய்தியின் இன்னொரு வடிவமாகத் தோன்றுவது இயல்பு. இதன் ஈர்ப்பில் பாதி அதுவே என்று நினைக்கிறேன்.

அதே காரணத்தால்தான் கடலை அறிந்தவர்களுக்கு இப்படத்தின் ஒரு குறை சட்டென்று கண்ணில் படுகிறது. உவரியில் வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் நண்பர் ஒருவர் படம் முடிந்து வெளியே வந்ததும் சொன்னது இது (நீவாடு என்றால் நீரோட்டம்): “மேல நீவாடு ஒரு பக்கம் இழுக்கும், அடியில வேற பக்கம் இழுக்கும். இவங்க கடல்ல நீவாடே இல்லையே. முடி மட்டும் எப்பவும் ஒரே மாதிரி ஆடுது.” அவர் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை பார்த்தேன். முற்றிலும் சரி. நீவாடு எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று கணித்து வலை விடுபவருக்கு, கடல் என்றால் முதலில் ஓட்டம்தான். படத்தில் நீருக்கு நிறம் இருக்கிறது, இருள் இருக்கிறது, ஒளி இருக்கிறது. ஓட்டம் மட்டும் இல்லை. பாத்திரங்கள் எல்லா இடத்திலும் குளத்துக்குள் நிற்பதைப் போலவே நிற்கிறார்கள். ஒரு சண்டையிலாவது நீரோட்டத்தின் சாதக பாதகத்தைக் கணக்கிட்டு ஒருவன் வென்றிருந்தால், கடலின் மைந்தன் என்ற பெயருக்கு இன்னும் வலு சேர்ந்திருக்கும்.

இந்தக் குறையையெல்லாம் மறக்கடிக்கும் ஒரு பகுதி உண்டு. இரவில், புயலுக்கு நடுவே, ஆர்தரும் மெராவும் செல்லும் சிறு மீன்பிடிப் படகை ஆழ்பள்ளத்தில் வாழும் உயிர்கள் சூழ்ந்துகொள்கின்றன. இயக்குநர் ஜேம்ஸ் வான் ‘தி கான்ஜுரிங்’ போன்ற திகில் படங்களால் பெயர் பெற்றவர் என்பது இந்தச் சில நிமிடங்களில் தெளிவாகத் தெரிகிறது. முதலில் ஒலி, பிறகு படகின் விளிம்பில் ஒரு கை, பிறகு பற்கள். அவ்வுயிர்கள் வெளிச்சத்துக்கு அஞ்சுவதை அறிந்து இருவரும் சிவப்பு எரிசுடரைக் கையில் ஏந்திக் கடலுக்குள் பாய்கிறார்கள். அங்கே கேமரா பின்வாங்கி, கடலையே குறுக்காக வெட்டி வைத்ததைப் போல முழு ஆழத்தையும் காட்டுகிறது. நடுவில் கீழ்நோக்கி இறங்கும் ஒரு சிறு சிவப்புப் புள்ளி. அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான உருவங்கள் விலகுவதும் மூடுவதுமாகப் பின்தொடர்கின்றன. ஆழத்தில் சிவப்பு ஒளியே போய்ச் சேர்வதில்லை என்பதால், அங்கே சிவப்பு நிறமுள்ள உயிர்களும் கறுப்பாகவே தெரியும் என்பது கடலியல். சிவப்பே இல்லாத இடத்துக்குச் சிவப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகும் அந்தக் காட்சியை அமைத்தவர்கள் இதை எண்ணித்தான் அமைத்தார்களா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சிவப்பு நம் உடம்பில் ஏற்படுத்தும் நடுக்கம் உண்மையானது. இத்தகைய படங்களில் நான் கண்ட மிகச் சிறந்த நீர்க்காட்சி இதுவே.

கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1985இல், அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையில், கலங்கரை விளக்கக் காவலர் ஒருவர் காயத்தோடு ஒதுங்கிய கடல்நாட்டு அரசியைக் காப்பாற்றுகிறார். இருவருக்கும் பிறந்த ஆர்தர் கரைக்கும் கடலுக்கும் பொதுவானவன். அரசி தன் நாட்டுக்குத் திரும்ப நேர்கிறது. அவள் அங்கே பெற்ற இன்னொரு மகன் ஓர்ம் பின்னாளில் அரசனாகிக் கரையின் மேல் போர் தொடுக்க முனைகிறான். நிக்கோல் கிட்மனும் டெமுவேரா மொரிசனும் நடித்த பெற்றோர் பாத்திரங்கள் படத்தின் உயிர்நாடி. மனைவி திரும்பி வருவாள் என்று அந்தக் காவலர் ஒவ்வொரு விடியலிலும் படகுத்துறையின் முனை வரை நடந்துபோய் நிற்கிறார். நெய்தலுக்கு இரங்கலே உரிப்பொருள் என்று நம் இலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. ஆனால் நம் பாடல்களில் கரையில் நிற்பவள் பெரும்பாலும் பெண். இங்கே ஓர் ஆண் நிற்கிறார், நரைக்கும் வரை நிற்கிறார். படம் வந்தது ஒக்கிப் புயலுக்கு அடுத்த ஆண்டு. 2017 நவம்பர் கடைசியில் கடலுக்குள் இருந்தவர்களைத் தேடிக் குமரிக் கரையில் நாள்கணக்கில் காத்திருந்த குடும்பங்களின் துயரம் இந்தப் பக்கம் யாருக்கும் ஆறியிருக்கவில்லை. எனக்குப் பின் வரிசையில் இருந்த ஓர் அம்மாள், அந்தத் துறைக்காட்சி இரண்டாம் முறை வந்தபோது, “வந்திருவா, வந்திருவா” என்று தமக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். சண்டைக்காக எடுத்த படத்தில் இப்படி ஒரு பரிவுக்கு இடம் கிடைத்திருப்பது பெரிய விஷயம்.

இன்னொரு வாசல் திருச்செந்தூர் வழியாகத் திறக்கிறது. கந்த சஷ்டியில் அந்தக் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, கடலோரம், தெய்வப் படைக்கலம், உருமாறி வரும் பகைவன் என்பவை புதியன அல்ல. மாமரமாகக் கடலில் நின்ற சூரனை வேல் பிளந்தது. பிளந்த கூறுகள் சேவலும் மயிலுமாயின. ஒன்று கொடியில் ஏறியது, மற்றொன்று ஊர்தியாயிற்று. பகைவனை அழித்துத் தீர்க்காமல் ஆட்கொள்வதே அக்கதையின் முடிவு. ‘அக்வாமேன்’ தன் வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. தொடக்கத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் சிக்கிய கடற்கொள்ளையன் ஒருவனைக் காப்பாற்ற ஆர்தர் மறுத்துவிடுகிறான். இரக்கத்தைக் கடலிடம் கேள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அந்த மறுப்பிலிருந்துதான் கொள்ளையனின் மகன் பிளாக் மாண்டா என்னும் தீராப் பகைவனாக எழுகிறான். இறுதியில் தன்னிடம் சிக்கிய ஓர்ம், கொன்றுவிடு என்று சொல்லும்போது ஆர்தர் கொல்ல மறுக்கிறான். இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தில் அவன் கற்றது இதுதான். கடல்நாட்டு அரசுரிமைக்கு உரிய மூவிலை வேலை அவன் அடைவதும் வலிமையால் அல்ல. அதைக் காவல் காக்கும் பேருருவ உயிரின் பேச்சை அவனால் புரிந்துகொள்ள முடிகிறது. தன்னைப் பெரியவனாகச் சொல்லிக்கொள்ளாமல் அதனிடம் பேசுகிறான். மீனோடு பேசுபவன் என்று எள்ளப்பட்ட திறனே அவனை அரசனாக்குகிறது. அந்த உயிருக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் ஜூலி ஆண்ட்ரூஸ்.

படம் எனக்கு உண்மையான வருத்தத்தைத் தந்த இடம் ஒன்று உண்டு. கரை மனிதர் மேல் ஓர்ம் வைக்கும் குற்றச்சாட்டு பொய்யானது அன்று. நூற்றாண்டுக் கணக்கில் கடலில் கொட்டிய குப்பையையும் போர்க்கப்பல்களையும் அவன் பேரலையில் திரட்டிக் கரைக்கே திருப்பி அனுப்புகிறான். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரைக்காரர்களுக்கு அந்த அலையை ஒரு வேடிக்கையாகப் பார்க்க முடியாது. ஆனால் அலை ஒதுக்கிவிட்டுப் போன குப்பை மலையைப் பார்க்கும்போது அவன் பக்கம் நியாயம் இருக்கிறதே என்றும் தோன்றுகிறது. மன்னார் வளைகுடாவின் தீவுகளை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது எண்ணிக்கை 21. பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததால் அரண் இழந்து அவற்றில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. கடல் நமக்குச் செய்தது போதும் என்று நாம் சொல்லலாம். நாம் கடலுக்குச் செய்ததை யார் சொல்வது? ஓர்ம் சொல்கிறான். படமோ அவனைச் சொல்லவிட்டு, ஒரு செய்தி ஒளிபரப்போடு அந்தக் கேள்வியைக் கைவிட்டு, சகாரா பாலைவனத்துக்கும் சிசிலித் தீவுக்கும் புதையல் தேடப் புறப்பட்டுவிடுகிறது. பேட்ரிக் வில்சன் அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த மிடுக்குக்கு ஏற்ற ஒரு விவாதத்தை அரசவையிலாவது வைத்திருக்க வேண்டும்.

சிசிலியின் ஓட்டுக்கூரைகளில் ஓடித் துரத்தும் சண்டை தனியாகப் பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே போன பிறகு கடலை மறந்து வேறு ஏதோ படம் பார்ப்பதைப் போல ஆகிவிடுகிறது. இறுதிப் போரும் அப்படித்தான்: நண்டுப் படையும் சுறாப் படையும் மோதும்போது திரை முழுவதும் வெடிப்பும் ஒளியும் நிறைந்து, இது நீருக்குள் நடக்கிறது என்பதே நினைவில் நிற்பதில்லை. படத்தின் நீளம் இரண்டே கால் மணி நேரத்தைத் தாண்டுகிறது. பாலைவனப் பகுதியில் பத்து நிமிடம் குறைத்திருக்கலாம்.

தமிழ்க் குரல்மாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசவைக் காட்சிகளிலும் ஆணையிடும் இடங்களிலும் தமிழ் மிகப் பொருத்தமாக அமர்ந்திருக்கிறது. அரசர் பேச்சுக்கு நம்மிடம் பழகிய ஒரு நடை இருப்பதால் அது இயல்பாக வருகிறது. நாயகனின் நக்கல் வசனங்களில் அந்த இயல்பு இல்லை. சென்னைப் பேச்சை வலிந்து திணித்தது தெரிகிறது. ஆங்கிலம் தொடர்ந்து புரியாத பெரியவர்களோடும் சிறு பிள்ளைகளோடும் பார்ப்பதானால் தமிழிலேயே பாருங்கள். திரையின் கீழே ஓடும் வரிகளை வாசித்துக்கொண்டே பார்த்தால் கண் அந்த ஆழத்தில் தங்காது.

முப்பரிமாணத்தில் பார்ப்பதா என்பது அடுத்த கேள்வி. கண்ணாடி அணிந்தால் ஒளி கணிசமாகக் குறையும். விளக்கின் வலிமை குறைந்த அரங்கில் ஆழ்பள்ளக் காட்சி வெறும் கறுப்பாகவே தெரியும். நான் முதலில் பார்த்த அரங்கில் அதுதான் நடந்தது. இப்போது வீட்டில் பார்ப்பவர்கள் பகல் வெளிச்சத்தை மறைத்து, அறை விளக்கை அணைத்து, தொலைக்காட்சியின் நிறத்தைக் கூட்டாமல் இயல்பான அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். கைபேசியில் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் சிவப்புப் புள்ளி சிறிதாகத் தெரிய வேண்டுமானால் சுற்றிலும் இருக்கும் இருள் பெரிதாக இருக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு 2022 நவம்பரில் வந்த ‘பிளாக் பாந்தர்: வகாண்டா ஃபாரெவர்’ இருக்கிறது. அதில் வரும் நேமோர், அக்வாமேனுக்கும் முன்பே, 1939இல் பில் எவரெட் உருவாக்கிய பாத்திரம். அங்கே நடிகர்கள் மூச்சடக்கப் பயிற்சி பெற்று நீர்த்தொட்டிகளிலேயே பல காட்சிகளை நடித்தார்கள். அதனால் நீர் கலங்கலாகவும் கனமாகவும் உண்மைக்கு நெருக்கமாகவும் தெரிகிறது. ஆனால் அந்தக் கடல்நாட்டில் நாம் தங்கும் நேரம் குறைவு. ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்குள் மேலே வந்துவிடுகிறோம். 2023 டிசம்பரில் வெளியான அக்வாமேன் இரண்டாம் பாகத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து பயணம் போவது மனத்துக்கு நிறைவாக இருந்தாலும், முதல் பாகத்தின் வியப்பு அதில் இல்லை. மூன்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருப்பவர்கள் 2018இன் படத்தையே தேர்ந்தெடுக்கலாம்.

ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளை ஆழ்பள்ளக் காட்சிக்கு முன்பே தயார் செய்துவிடுவது நல்லது. பற்கள் நிறைந்த அந்த முகங்கள் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அச்சமே இன்பமாகிவிடும். படத்தைப் பார்த்த அடுத்த விடுமுறையில் அவர்களை உவரிக்கோ மணப்பாட்டுக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவர் யாரிடமாவது, இன்று நீவாடு எந்தப் பக்கம் என்று அவர்களையே கேட்கச் சொல்லுங்கள்.